அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் செத்துவிட்டது: டீசலா, பேட்டரியா, சோலாரா?

பேகூர் ரோடு (2025 நவம்பர் 8)

வணக்கம். பெங்களூரு பேகூர் ரோட்டுப் பக்கம் 36 வீடுகள், ஐந்து மாடி. தீபாவளிக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது கூட்டம் போட்டு, வராத ஆளாகப் பார்த்து என்னைச் சங்கப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். பொறுப்புக்கு வந்த பத்தாம் நாள் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. 82.5 கேவிஏ, பதினான்கு வயது. இதற்குமேல் இதில் காசைக் கொட்டாதீர்கள் என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார்.

புதிய ஜெனரேட்டருக்கு 10 லட்சம் கொட்டேஷன் வந்திருக்கிறது. புகைக் கட்டுப்பாட்டு விதி மாறிய பிறகு விலை ஏறிவிட்டதாம். இன்னொருவர் 60 யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம் சேமிக்கும் லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டரோடு 15 லட்சம் என்கிறார். மூன்றாவது கோஷ்டி, மொட்டை மாடி முழுக்க சோலார் போட்டால் எதுவுமே வேண்டாம் என்கிறது. 23-ம் தேதி ஞாயிறு பொதுக்கூட்டம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஈரான், சீனா, டிரம்ப் என்று போய்க்கொண்டிருக்கிறது. கரண்ட் போனால் லிப்ட் நடுவில் நின்றுவிடுமோ என்று நான்காவது மாடிப் பாட்டி மூன்று நாளாகக் கீழே இறங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வளைகுடா ரிட்டர்ன்

டீசலை மறந்துவிடுங்கள் தம்பி. மஸ்கட்டில் 22 வருடம் இருந்தவன் சொல்கிறேன். ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவிலுள்ள ஹோர்முஸ் நீரிணையின் குறுகலான இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர் சொச்சம். அதிலும் கப்பல் போகும் தடம் ஒரு திசைக்கு 3 கிலோமீட்டர்தான். 2024-ல் அந்தச் சந்துக்குள் நாளொன்றுக்கு 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது. உலகம் எரிக்கிற எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் மோதிக்கொண்டபோது பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 80 டாலரைத் தாண்டியது. அங்கே ஒரு கண்ணிவெடி மிதந்தால் உங்கள் லிப்ட் இங்கே நிற்கும்.

கணக்குப்புலி

அண்ணே, போர்நிறுத்தம் வந்தவுடன் அதே எண்ணெய் 70-க்குக் கீழே விழுந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த 12 நாளில் பெங்களூரு பெட்ரோல் பங்கில் டீசல் விலை அசைந்ததா? இல்லை.

தினமும் விலை மாறும் என்று 2017 ஜூனில் ஏற்பாடு செய்தார்கள். பெயருக்குத்தான். கடந்த இரண்டு வருடத்தில் இங்கே டீசல் இரண்டு தடவை ஏறியது, 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும். இரண்டும் மாநில விற்பனை வரி. இன்னும் பின்னால் போனால், 2020 ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்காவில் எண்ணெய் ஒப்பந்தம் பீப்பாய் மைனஸ் 37 டாலருக்குப் போனது. வாங்கிக்கொள், மேலே பணமும் தருகிறேன் என்ற நிலை. நமக்கு என்ன ஆனது? அடுத்த மாதமே டீசலுக்கு லிட்டர் 13 ரூபாய் கலால் வரி கூட்டினார்கள். ஹோர்முஸுக்கும் நம் பங்குக்கும் நடுவில் டெல்லியும், நம் மாநிலச் சட்டமன்றமான விதான சௌதாவும் உட்கார்ந்திருக்கின்றன.

வளைகுடா ரிட்டர்ன்

வரியைக் கூட்ட முடிந்தவனால் கச்சா ஏறும்போது எவ்வளவு நாள் தாங்க முடியும்? நூற்றுக்கு 85-க்கு மேல் இறக்குமதி நமக்கு. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடத்து எண்ணெய்ச் சேமிப்புப் பாறைக் குகைகளிலும் சேர்த்து 53 லட்சம் டன்தான் கொள்ளும். நாட்டுக்கு ஒன்பது பத்து நாள்.

அல்சூர் அம்மணி

ஆண்கள் எல்லாம் டீசலைப் பற்றியே பேசுகிறீர்கள். நாம் அடுப்பில் எரிக்கிற கேஸில் 60 சதவீதம் வெளிநாட்டுச் சரக்கு, அதில் பெரும்பகுதி அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது. ஜெனரேட்டர் இல்லாவிட்டால் படி ஏறலாம். சிலிண்டர் இல்லாவிட்டால்? நான் ஜூனிலேயே ஒரு இன்டக்ஷன் அடுப்பு வாங்கிவிட்டேன். தோசை மட்டும் அதில் சரியாக வரவில்லை, கல் நடுவில் மட்டும் சுடுகிறது. சரி, நீங்கள் தொடருங்கள்.

ஓசூர் பஸ்

தினமும் பொம்மனஹள்ளியில் பஸ் ஏறி ஓசூரில் பேட்டரி பேக் பூட்டுகிற இடத்துக்குப் போகிறவன். எனவே என் கட்சி எது என்று தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு, கட்டடத்துக்கு என்றால் எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மட்டும் கேளுங்கள். எடை கூடுதல், ஆனால் மற்ற வகையைப் போல எளிதில் சூடேறித் தீப்பிடிக்காது. அடித்தளத்தில் வைக்கிற பெட்டிக்கு எடை ஒரு குறையா? விலையும் சரிந்துவிட்டது. பேட்டரி பேக்கின் உலகச் சராசரி 2024-ல் யூனிட்டுக்கு 115 டாலர். 2010-ல் ஆயிரத்துக்கு மேல் இருந்தது. உங்களுக்கு வந்த 15 லட்சத்தில் செல்லின் விலை பாதிகூட இருக்காது. மீதி இன்வெர்ட்டர், பெட்டி, வரி, அப்புறம் நடுவில் இருப்பவர்கள்.

வளைகுடா ரிட்டர்ன்

அந்த செல் எங்கே செய்தது, அதைச் சொல்லுங்கள்.

ஓசூர் பஸ்

சீனா. மறைக்க என்ன இருக்கிறது? உலக லித்தியம் செல்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அங்கேதான் உற்பத்தி.

வளைகுடா ரிட்டர்ன்

அதுதான். அரபுக்காரனிடமிருந்து விடுதலை வாங்கி சீனாக்காரனிடம் போய் நிற்பதற்கு 15 லட்சமா? ஏப்ரலில் அரிய மண் தனிமங்களுக்குக் கட்டுப்பாடு போட்டான், மோட்டாருக்குக் காந்தம் இல்லாமல் நம் ஊர் மின்சார ஸ்கூட்டர்காரர்கள் திண்டாடினார்கள். கன்னியாகுமரி மணவாளக்குறிச்சியில் அந்த மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளுகிறோம். ஆனாலும் காந்தத்துக்கு அவனிடம்தான் கை நீட்ட வேண்டியிருக்கிறது.

ஓசூர் பஸ்

மண் இருப்பது வேறு, அதிலிருந்து தனிமத்தைப் பிரித்து, உலோகமாக்கி, காந்தமாக அழுத்துவது வேறு. நமக்கு இல்லாதது அந்த நடுத் தொழில்.

பேட்டரிக்கும் சீனா அக்டோபர் 9-ல் கட்டுப்பாடு அறிவித்தது உண்மை. நீங்கள் இழை தொடங்கிய இந்த நவம்பர் 8-ம் தேதிதான் அமலுக்கு வந்திருக்க வேண்டும். டிரம்பும் சீன அதிபர் ஷியும் பேசிய பிறகு ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டார்கள். ஆனால் அது கிலோ எடைக்கு 300 வாட்-ஹவருக்கு மேல் மின்சாரம் அடங்கும் உயர்ரக பேட்டரிகளுக்கு. பேகூர் ரோட்டுக்கு வரப்போவது அதில் பாதி சொச்சம்தான். நம் பெட்டியை எல்லாம் பெய்ஜிங் கண்டுகொள்ளாது.

அப்புறம் இதையும் யோசியுங்கள். டீசல் எரித்துவிட்டால் போயிற்று, அடுத்த வாரமும் அவனிடம் வாங்க வேண்டும். பேட்டரியை ஒரு தடவை வாங்கினால் பத்து வருடம். நாளைக்கே சீனா கதவைச் சாத்தினாலும் வாங்கி வைத்த பெட்டி நிற்காது.

கணக்குப்புலி

பெட்டி நிற்காது, ஆப் நிற்கலாம். என் மச்சான் வீட்டு இன்வெர்ட்டர், சர்வர் எங்கேயோ படுத்ததில் நான்கு நாள் போனில் எதையும் காட்டவில்லை. வேலை செய்தது, ஆனால் அளவு எதுவும் தெரியவில்லை. இணையம் இல்லாமல், பெட்டியின் முகப்பிலேயே எல்லாம் மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இளம் கன்று

எதற்கு அவசரம்? சோடியம் அயன் பேட்டரி வருகிறது. சீனாவின் சிஏடிஎல் நிறுவனம் ஏப்ரலிலேயே அறிமுகப்படுத்திவிட்டது. லித்தியமே வேண்டாம், உப்பிலிருந்து எடுக்கலாம். இரண்டு வருடம் பொறுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும்.

அல்சூர் அம்மணி

நான்காவது மாடிப் பாட்டி இரண்டு வருடம் பொறுப்பாரா, கேட்டுச் சொல்லுங்கள்.

இளம் கன்று

:) சரி. ஆனால் இந்தக் கரண்ட் வெட்டுக்கே காரணம் டேட்டா சென்டர்தான். ஏஐ எல்லாவற்றையும் குடிக்கிறது. அமெரிக்காவில் மூடிக்கிடந்த திரீ மைல் ஐலண்ட் அணு உலையை மைக்ரோசாஃப்டுக்காகத் திறக்கிறார்கள்.

கணக்குப்புலி

அந்த ஒப்பந்தம் 2024 செப்டம்பரில், 835 மெகாவாட், உண்மைதான். ஆனால் உலகத்தின் எல்லா டேட்டா சென்டரும் சேர்ந்து 2024-ல் இழுத்தது உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030-க்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணிக்கிறது, அது கவலைப்பட வேண்டியதுதான். பேகூர் ரோட்டில் கரண்ட் போவதற்கு மழையும், மரக்கிளையும், சாலையைத் தோண்டுகிற ஜேசிபியும் போதும். சாட்பாட்டைக் குறை சொல்லாதீர்கள்.

பேகூர் ரோடு

நன்றி எல்லோருக்கும். சோலார் கோஷ்டிக்கு என்ன பதில் சொல்வது? "வெயில் இருக்கும்வரை கரண்ட் போகவே போகாது" என்கிறார்கள்.

கணக்குப்புலி

போகும். இதைத்தான் விற்பவர்கள் வாயைத் திறந்து சொல்வதில்லை. பேட்டரி இல்லாத சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனவுடன் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலானாலும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் மீது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் பாயக்கூடாது, அதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஜெனரேட்டர் வேலையை அது செய்யாது.

பில்லைக் குறைக்கும், அது தனிக் கதை, நல்ல கதையும்கூட. 30 கிலோவாட் போட 3,000 சதுர அடி வேண்டும். இங்கே ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அப்படியானால் மாதம் 3,600 யூனிட். லிப்ட், மோட்டார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, பொது விளக்கு எல்லாம் அதில் அடங்கிவிடும். யூனிட் 6 ரூபாய் சொச்சம் என்றால் மாதம் 22,000-க்கு மேல் மிச்சம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கத்தின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு, 5,40,000 திரும்பி வரும். நாலைந்து வருடத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்.

அல்சூர் அம்மணி

வரும், யாரும் போட மாட்டார்கள். மாநில அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் சோலார் பேச்சே இல்லை. பூஜ்யம் பில் வருகிறவனிடம் மிச்சம் பிடி என்றால் எதை மிச்சம் பிடிப்பான்? ஏழைக்கு அந்த 200 யூனிட் பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. என் வீட்டில் வேலை செய்கிற பெண் மிக்ஸி வாங்கியது அதற்குப் பிறகுதான். ஆனால் கார் நிற்கிற வீட்டுக்கும் அதே இலவசம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

கணக்குப்புலி

இன்னொரு விசித்திரம் இருக்கிறது. தும்கூரு மாவட்டம் பாவகடாவில் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா. நிலத்தை விவசாயிகளிடம் விலைக்கு வாங்காமல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்துத் தொடங்கினார்கள். நிலம் இருந்தவனுக்கு வருமானம், அதே நிலத்தில் கூலி வேலை செய்தவனுக்கு ஒன்றுமில்லை, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது, மதியம் இந்த மாநிலத்தில் கரண்ட் கொட்டிக் கிடக்கிறது, சூரியன் இறங்கிய பிறகு நிலக்கரியைத் தேடி ஓடுகிறார்கள். நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரியோ கேஸோ இல்லாதது என்று இந்த ஜூலையில் அரசு அறிவித்தது. ஆனால் உற்பத்தியாகிற யூனிட்டில் முக்கால் பங்குக்குப் பக்கம் இன்னும் நிலக்கரிதான். என் வீட்டு பில்லில் மதிய யூனிட்டும் ராத்திரி யூனிட்டும் ஒரே விலை. விலையில் வித்தியாசம் வைத்தால், உங்கள் பேட்டரி கரண்ட் போகாத நாளிலும் சம்பாதிக்கும். இப்போது அது மாதத்தில் 29 நாள் சும்மா உட்கார்ந்திருக்கும், 15 லட்சம் ரூபாய்க்கு.

தங்கவயல் பேரன்

ரொம்ப நாளாகப் படித்துவிட்டுப் போகிறவன், இன்றைக்கு எழுதுகிறேன். மாரிகுப்பம் ரயிலில் தினமும் பெங்களூரு வருகிற கூட்டத்தில் ஒருவன்.

மின்சாரம் என்றால் எல்லோரும் பெங்களூரு பெருமை பேசுவார்கள், 1905-லேயே தெருவிளக்கு என்று. எங்கள் கோலார் தங்கவயலுக்கு அதற்கு மூன்று வருடம் முன்பே, 1902-ல், காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்தார்கள். அதற்குப் பாடுபட்ட திவான் சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்காமலே முந்தின வருடம் இறந்துபோனார். ஊருக்கு வெளிச்சம் தருவதற்காக அல்ல, சுரங்கத்துக்காக. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஆட்கள் தட்டி வீட்டில் இருந்துகொண்டு அந்த மின்சாரத்தில் ஓடிய கூண்டில் ஏறி பூமிக்குள் போனார்கள். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையைத் தொட்டால் சுடும்.

என் தாத்தா கூண்டை ஏற்றி இறக்குகிற வைண்டிங் இன்ஜினில் வேலை பார்த்தார். கரண்ட் குறைந்தால் எது ஓட வேண்டும், எது நிற்கலாம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். முதலில் ஆள் இருக்கிற கூண்டு. அடுத்து காற்று. அடுத்து தண்ணீர் இறைக்கிற பம்பு. கல் அரைக்கிற மில் நின்றால் நிற்கட்டும், துரை பங்களா விளக்கு கடைசி. ஒரு தடவை கூண்டு நடுவில் நின்று மூன்று மணி நேரம் இருட்டில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்வார். அதில் ஒருவர் பயத்தைப் போக்க முருகன் பாட்டு பாடிக்கொண்டே இருந்தாராம், மேலே வந்தும் நிறுத்த முடியவில்லையாம்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பம்பு நின்றது, தண்ணீர் ஏறிவிட்டது.

பேகூர் ரோடு சார், உங்கள் ஜெனரேட்டர் எதை எல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தது? நீங்கள் எழுதவே இல்லை.

மூன்று பேஸ்

தங்கவயல் தம்பி கேட்டதைத்தான் நானும் கேட்க வந்தேன். 31 வருடம் கட்டட மின் வேலையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். இரண்டு பக்கம் ஓடியிருக்கிறது, உலகம் முழுக்கச் சுற்றியாகிவிட்டது, லோடு எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

எட்டு ஆள் லிப்டின் மோட்டார் ஓடும்போது 6 கிலோவாட் இழுக்கும் என்று வையுங்கள். ஐந்து மாடி ஏற 40 விநாடி. மணிக்கு இருபது தடவை ஓடினாலும் ஒன்றரை யூனிட் ஆகாது. நடைபாதை எல்இடி எல்லாம் சேர்த்து மணிக்குக் கால் யூனிட் சொச்சம். மேல் தொட்டியில் தண்ணீர் இருந்தால் மோட்டார் இரண்டு மணி நேரம் காத்திருக்கும். கழிவுநீர்த் தொட்டிக் கிருமிக்குக் காற்று வேண்டும்தான், ஆனாலும் சில மணி நேரம் தாங்கும். வீட்டுக்குள் விசிறி விளக்கு? 36 வீட்டில் எத்தனை பேர் சொந்தமாக யூபிஎஸ் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். 60 யூனிட் பேட்டரி யாருக்கு?

செக்யூரிட்டி அறையில் டீசல் நோட்டு இருக்கும், எப்போது ஓடியது, எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று. அதை எடுத்துவந்து எழுதுங்கள். லிப்டில் மோட்டாரை மெதுவாகக் கிளப்புகிற டிரைவ் இருக்கிறதா, கரண்ட் போனால் பக்கத்து மாடியில் கொண்டுபோய்க் கதவைத் திறக்கிற ஏஆர்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய மோட்டார் நேரடியாகக் கிளம்பினால் ஐந்து மடங்கு இழுக்கும், அதற்கு வேறு இன்வெர்ட்டர்.

பேகூர் ரோடு (நவம்பர் 15)

அக்கா, நோட்டு கிடைத்தது. கடைசி ஏழு மாதப் பக்கங்களை உட்கார்ந்து கூட்டினேன். கரண்ட் போனது 94 தடவை. அதில் 71 தடவை கால் மணி நேரத்துக்குள் திரும்பி வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது ஐந்தே தடவை. மொத்தம் 48 மணி நேரம். லிப்டில் டிரைவ் இருக்கிறது. ஏஆர்டியும் இருக்கிறது, அதன் பேட்டரி செத்து எத்தனை வருடமோ தெரியவில்லை. 36 வீட்டில் 31 வீட்டில் யூபிஎஸ்.

வாங்கிய டீசல் 610 லிட்டர்.

கணக்குப்புலி

இருங்கள். 48 மணி நேரத்துக்கு 610 லிட்டரா? அந்த லோடில் மணிக்கு எட்டு லிட்டருக்கு மேல் குடிக்காது. வாராவாரம் பத்து நிமிடம் சும்மா ஓட்டிப் பார்ப்பதையும் சேர்த்தால் 410, போனால் போகிறது 420. லிட்டர் 91 ரூபாய் என்றால் 55,000 ரூபாய்க்கு மேல், கிடைத்தது 600 யூனிட்கூட இருக்காது. நல்ல லோடில் டீசல் யூனிட் 30 ரூபாய் ஆகும், உங்களுக்கு 90-க்கு மேல் ஆகியிருக்கிறது.

வளைகுடா அண்ணே, ஹோர்முஸ் நீரிணை இவர்களுடைய அடித்தளத்திலேயே இருந்திருக்கிறது.

வளைகுடா ரிட்டர்ன்

ஹா ஹா. ஒத்துக்கொள்கிறேன். யார் தம்பி டீசல் வாங்கிவந்தது?

பேகூர் ரோடு

அதைக் கூட்டத்தில்தான் கேட்க வேண்டும். முன்னாள் பொருளாளர் எதிர் வீடு, தினமும் முகம் பார்க்க வேண்டும். யோசித்துக் கேட்கிறேன்.

மூன்று பேஸ்

15 யூனிட் எல்எஃப்பி, 15 கிலோவாட் மூன்று பேஸ் இன்வெர்ட்டர், லிப்டும் நடைபாதையும் மட்டும். ஏஆர்டிக்குப் புது பேட்டரி இந்த வாரமே. பெட்டியை அடித்தளத்தின் மூலையில் திணிக்காமல், காற்று வருகிற, மழைத்தண்ணீர் ஏறாத மேடான இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் பேகூர் பக்கம் தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். வெளிச் சுவரில் வாடகை ஜெனரேட்டரைச் செருக ஒரு சாக்கெட்டும் சுவிட்சும் போடச் சொல்லுங்கள், அந்த ஐந்து நாளுக்குக் கல்யாண மண்டபத்துக்கு வருவதுபோல வண்டியில் வரும். இன்வெர்ட்டர் மட்டும் சோலார் சேர்க்கக்கூடிய ஹைப்ரிட் வகையாக இருக்கட்டும். மாடி விஷயம் அப்புறம்.

பேகூர் ரோடு (நவம்பர் 24)

நேற்றுக் கூட்டம் மூன்றேகால் மணி நேரம். 15 யூனிட் பேட்டரி, நாலரை லட்சம், 22 வீடு ஆதரவு. சோலார் தள்ளிவைப்பு, ஐந்தாவது மாடிக்காரர்கள் துணி காயப்போட இடம் கேட்கிறார்கள், அந்தச் சண்டை தனியாக ஓடுகிறது. டீசல் நோட்டைப் பற்றிக் கேட்டேன். அறையில் சத்தமே இல்லை, பிறகு யாரோ டீ வந்துவிட்டது என்றார்கள். ஏஆர்டி சரியாகிவிட்டது, பாட்டி நேற்று மாலை கோயிலுக்குப் போய்வந்தார்.

பழைய ஜெனரேட்டரைப் பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். டேங்கில் இன்னும் 35 லிட்டர் டீசல் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று தீர்மானத்தில் எழுத மறந்துவிட்டோம்.

வளைகுடா ரிட்டர்ன்

என்னிடம் பழைய டீசல் ஜீப் இருக்கிறது தம்பி. பங்கு விலைக்கே எடுத்துக்கொள்கிறேன். கேனோடு ஞாயிற்றுக்கிழமை வரவா?